முதுகுச் சீட்டு

ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓர் இணையப் பக்கம் இருந்தது. டயாலிசிஸுக்கு இடம் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்துக்குள் போய்த்தான் பிடிக்க வேண்டும். போன் போட்டுக் கேட்டால், "இணையத்துல பதிங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்கள்.

அந்தப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மேலே, எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு டாக்டரின் பெரிய படம். அதற்குக் கீழே தேதிக் கட்டம். அதற்கும் கீழே இரண்டு பட்டன்கள். பச்சை பட்டன் முகத்தில் ஒரு சரி குறி. அவளைத் தட்டினால் இடம் பதிவாகும். சிவப்பு பட்டன் முகத்தில் ஒரு பெருக்கல் குறி. அவனைத் தட்டினால் பிடித்து வைத்த இடம் கைவிட்டுப் போகும். இரண்டு பேர் முகத்திலும் எழுத்து கிடையாது. கண் தெரிந்தவர்களுக்கு நிறமும் குறியும் போதும்.

கண் தெரியாதவர்களுக்கு? அதற்குத்தான் முதுகுச் சீட்டு. அங்கே எல்லோர் முதுகிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். அவர் யார், என்ன வேலை செய்பவர் என்று அதில் எழுதியிருக்கும். பார்வையில்லாத ஒருவர் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அவரோடு ஒரு குரல் உள்ளே வரும். அவருடைய விரல் யார் மேல் படுகிறதோ அவர் உடனே திரும்பி முதுகைக் காட்ட வேண்டும். குரல் அந்தச் சீட்டைப் படித்துச் சொல்லும். இவர்தான் வேண்டியவர் என்று தெரிந்த பிறகு இரண்டு தட்டுத் தட்டினால்தான் வேலை நடக்கும். அங்கே அதுதான் வழக்கம்.

தன் முதுகில் தானே எழுத முடியாது அல்லவா? அதனால் பக்கத்தில் நிற்பவர்தான் எழுதித் தருவார். பச்சையின் முதுகில் "பதிவு செய்" என்று எழுதியது சிவப்பு. சிவப்பின் முதுகில் "ரத்து செய்" என்று எழுதியது பச்சை.

பச்சைக்கு எப்போதும் கவலைதான். ஆள் வரும்போது தன் நிறம் வெளுத்துத் தெரியுமோ, அவசரத்தில் யாராவது தன்னை விட்டுவிட்டு, தான் அண்ணன் என்று கூப்பிடும் சிவப்பின் மேல் கை வைத்துவிடுவார்களோ என்று அடித்துக்கொண்டே இருப்பாள். ஜெபசீலி வரும் நாளில் அந்தக் கவலை இரண்டு மடங்காகும். ஜெபசீலிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவள் கணவர் ஞானதுரைக்குச் சர்க்கரை நோய். அது அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்தது. போதாதென்று கண்ணையும் மங்க வைத்துவிட்டது. அவருக்கு இடம் பிடிக்க ஜெபசீலிதான் குரலோடு வருவாள். பச்சையைத் தட்டியதும் "அப்பாடா" என்று ஒரு மூச்சு விடுவாள். அந்த மூச்சு கேட்டால்தான் பச்சைக்கு அன்றைய நாள் நாளாக இருக்கும்.

ஒரு நாள் அந்தப் பக்கத்தின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கொஞ்சம் இடத்தை அதற்கு விட்டிருந்தார்கள். அதில் ஓடுகிறவன் பெயர் சுடுசெய்தி. அவனால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டேதான் பேசுவான்.

"அதிர்ச்சி! அதிர்ச்சி! மளிகைக் கடைப் பக்கத்தில் பயங்கரத் திருட்டு! முதுகுச் சீட்டு வழியாக நுழைந்தானா திருடன்?"

பச்சைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயையோ! நம்ம முதுகுல இருக்கே, அந்தச் சீட்டா?"

"தம்பி, கொஞ்சம் மெதுவா ஓடு," என்றது சிவப்பு. "அந்தக் கடைக்காரர் பாஸ்வேர்டை வாசல்லயே எழுதி ஒட்டியிருந்தாராம். திருடன் அதைப் படிச்சுட்டு நேரா உள்ள போயிட்டானாம். நீ என்ன புதுசா சீட்டுங்கற?"

"சீட்டு வழியா வந்தான்னு நான் எங்க சொன்னேன்? கேள்விக்குறி போட்டிருக்கேன், நல்லா பாரு."

"கேள்விக்குறி கடைசியில வருது. அதுக்குள்ள பாதிப் பேர் பயந்துடறாங்களே."

"பயப்பட ஏதோ இருக்கறதாலதானே பயப்படறாங்க!" சுடுசெய்தி ஒரு சுற்று ஓடி வந்தான். "நானே என் கண்ணால பார்த்தேன். ஒரு குரல் உள்ள வருது. அதுக்கு முகமும் இல்ல, உடம்பும் இல்ல. அது வந்ததும் நீங்க எல்லாரும் முதுகைத் திருப்பிக் காட்டறீங்க. அது ஏதோ முணுமுணுக்குது. முகத்தைக் காட்டிப் பிழைக்கறவங்க முதுகுல எதுக்கு எழுதி ஒளிச்சு வைக்கணும்?"

சொல்லிவிட்டு அவன் ஒரு நிபுணரைக் கூட்டி வந்தான். கோட்டு போட்ட ஆள். போன வாரம் பாலில் கலப்படம் பற்றிப் பேசியவர். அதற்கு முந்தைய வாரம் நிலநடுக்கம்.

"சீட்டுகளின் கனத்தால் பக்கம் மெதுவாகிறது," என்றார் நிபுணர்.

"எவ்வளவு கனம் ஐயா?" என்று கேட்டது சிவப்பு.

"கணிசமான கனம்."

"நீங்க ஒரு சீட்டையாவது கையில எடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

"நேரமின்மை காரணமாக இத்துடன் முடித்துக்கொள்கிறோம்!" என்று கத்திவிட்டு, சுடுசெய்தி நிபுணரை இழுத்துக்கொண்டு மறுகோடிக்கு ஓடினான்.

முதலில் கையைப் பின்னால் விட்டது பெரிய படம். "எனக்கு ஏன் வம்பு? நான் ஒரு கௌரவமான இடத்துல இருக்கேன்," என்று சொல்லித் தன் சீட்டைப் பிய்த்துச் சுடுசெய்தியிடம் கொடுத்தது. சிரித்த முகம் அப்போதும் மாறவில்லை. அடுத்தது தேதிக் கட்டம். "நாளைக்கு என்னால திருட்டு நடந்துச்சுன்னு ஒரு சொல் வரக் கூடாதும்மா," என்று பச்சையிடம் சொல்லிக்கொண்டே அவளும் பிய்த்தாள்.

சிவப்பு அசையவில்லை. "சீட்டு இல்லாட்டி ஜெபசீலியம்மா என்ன பண்ணும்? அதை யோசிச்சீங்களா?"

"ஆகா!" சுடுசெய்தி அவன் எதிரில் வந்து ஓடினான். "மேல இருக்கறவங்க எல்லாம் கொடுத்தாச்சு. இவனுக்கு மட்டும் என்ன தயக்கம்? வேலையே ரத்து பண்றது. இவனுக்கு ஜெபசீலி மேல என்ன அக்கறை? இவன் முதுகுல எழுதினது யாரு? அந்தக் கூட்டாளி யாரு?"

எழுதியது பச்சை. அவளுக்குத் தன் பெயர் இப்போதே மஞ்சள் பட்டையில் ஓடுவது போல இருந்தது. நாளைக்கு என்னை இந்தப் பக்கத்திலிருந்தே தூக்கிவிட்டால்? வேறு எங்கே போய் நிற்பேன்? ஒரு பட்டன் தனியாக எங்கே பிழைக்கும்?

அவள் தன் சீட்டைப் பிய்த்தாள். அதோடு விட்டிருக்கலாம். சிவப்பின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, தான் எழுதிய சீட்டையும் வெடுக்கென்று உரித்துவிட்டாள்.

சிவப்பு திரும்பிப் பார்த்தது. திட்டவில்லை. "என் சீட்டு போனாப் போகுது பச்சை. உன்னோடதை நீ வெச்சிருந்திருக்கலாம்," என்று மட்டும் சொன்னது.

மறுநாள் காலையில் ஜெபசீலி வந்தாள்.

முந்தைய முறை ஆஸ்பத்திரியில் மெஷின் பழுதென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஞானதுரைக்குக் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாளைக்கு இடம் கிடைத்தே ஆக வேண்டும்.

"கெடைக்குமா?" என்று கேட்டார்.

"கெடைக்கும். நீங்க பேசாதீங்க. மூச்சு வாங்குதுல்லா."

அவள் விரல் முதலில் பெரிய படத்தில் பட்டது. படம் பழக்கதோஷத்தில் முதுகைத் திருப்பியது. முதுகு வெறுமையாக இருந்தது.

"படம்," என்றது குரல்.

ஜெபசீலி விரலைக் கீழே நகர்த்தினாள்.

"கட்டம்."

"என்ன கட்டம்னு சொல்ல மாட்டேங்குதே," என்று முணுமுணுத்தாள். தட்டிப் பார்த்தாள். நல்ல வேளையாக உள்ளே தேதிகள் விரிந்தன. நாளைய தேதியில் ஓர் இடம் இருந்தது. ஒன்றே ஒன்று. அவள் அதைப் பிடித்தாள்.

பிடித்த இடம் கொஞ்ச நேரம்தான் கையில் நிற்கும். அதைக் காட்ட மூலையில் ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. அது தேயத் தொடங்கியது. முழுக்கத் தேய்ந்தால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

விரல் பச்சையின் மேல் பட்டது. பச்சை திரும்பி முதுகைக் காட்டினாள்.

"பட்டன்."

விரல் சிவப்பின் மேல் பட்டது.

"பட்டன்."

ஜெபசீலி மறுபடி மேலே போனாள். மறுபடி கீழே வந்தாள். "பட்டன். பட்டன்." இதற்கு முன் பச்சை வலப்பக்கமும் சிவப்பு இடப்பக்கமும் நிற்பார்கள். மஞ்சள் பட்டை வந்து உட்கார்ந்த பிறகு எல்லோரும் இடம் மாறி, இரண்டு பேரும் மேலும் கீழுமாக நின்றார்கள். எது எதுவென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"என்னளா, பதிஞ்சிட்டியா?" என்று கேட்டார் ஞானதுரை.

"ரெண்டு பட்டன் இருக்கு. எது பதிவு, எது ரத்துன்னே சொல்ல மாட்டேங்குது."

"ஏதாவது ஒண்ண அமுக்கு."

"தப்பா அமுக்கினா எடம் போயிரும். ஒத்த எடந்தான் இருக்கு."

பச்சை அலறினாள். "அம்மா! நான்தான்! மேல இருக்கறது நான்தான்! என்னைத் தட்டுங்க!" பக்கத்துக்குள் இருப்பவர்கள் பேசுவது மனிதர்கள் காதில் விழாது. குரல் அவர்களுக்குப் படித்துச் சொல்வது மட்டும்தான் விழும். பச்சை குரலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"குரலே, உனக்கு என்னைத் தெரியாதா? இத்தனை நாள் என் முதுகைப் படிச்சிருக்கியே! 'பதிவு செய்'னு ஒரு வார்த்தை சொல்லிடேன்!"

"உன் முதுகுல இப்ப ஒண்ணும் இல்லையே," என்றது குரல், ஜெபசீலிக்குக் கேட்காதபடி.

"இல்லாட்டி என்ன? உனக்குத் தெரியுமே!"

"எழுதியிருந்தா படிப்பேன். எழுதாததைச் சொல்ல மாட்டேன். தெரியும்னு நினைச்சு ஒரு நாள் நான் சொல்லப்போய், அது தப்பா இருந்துட்டா, அப்புறம் நான் சொல்ற எதை அந்தம்மா நம்பும்?"

வட்டம் பாதியாகத் தேய்ந்திருந்தது.

ஜெபசீலி விரலை மேலே மேலே நகர்த்தினாள். பக்கத்தின் உச்சிக்கே போய்விட்டாள். அங்கே சுடுசெய்தி, பிய்த்து வாங்கிய சீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, 'கைப்பற்றப்பட்ட மர்மச் சீட்டுகள்' என்று ஓட்டிக்கொண்டிருந்தான். விரல் ஒரு சீட்டின் மேல் பட்டது.

"பதிவு செய்," என்று படித்தது குரல்.

"ஏ, கெடைச்சிட்டு!" ஜெபசீலி இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவ்வளவுதான். பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு காணொளி எழுந்து நின்றது. தடதடவென்று மேளம். "நீங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்கிறதா உங்கள் போனில் இருக்கும் குரல்? வல்லுநர்கள் சொல்லும் திடுக்கிடும் உண்மைகள்!" ஜெபசீலி பதறிப்போய் அதை மூட வழி தேடினாள். மூடும் பட்டனுக்கும் முதுகில் சீட்டு இல்லை. அங்கே தட்டி, இங்கே தட்டி, ஒரு வழியாக வெளியே வந்தாள்.

"இன்னொருத்தர் பார்த்துட்டாங்க!" சுடுசெய்தி துள்ளினான்.

"பாவி, அவ புருஷன் உயிரு தம்பி அது!" என்றாள் பச்சை.

"அப்படியா? அதுவும் நல்ல செய்திதான்," என்று சொல்லிக்கொண்டே மறுகோடிக்கு ஓடினான்.

வட்டம் ஒரு நகக்கீறல் அளவுக்கு வந்துவிட்டது. போனுக்கு அந்தப் பக்கம் ஞானதுரை இருமும் சத்தம் கேட்டது. ஜெபசீலியின் விரல் மறுபடி கீழே வந்து, இரண்டு பட்டன்களுக்கும் நடுவில் நின்றது.

"அண்ணே, என் முதுகுல எழுதுங்க! சீக்கிரம்!"

"பக்கம் திறந்திருக்கும்போது எழுத முடியாது பச்சை, தெரியாதா? மூடினப்புறம்தான் எழுதலாம். மூடினா இடம் போயிடும்."

"அப்ப என்னண்ணே பண்றது? நான் பண்ணின பாவம். உங்க சீட்டையாவது விட்டு வெச்சிருந்தா ரத்து எதுன்னு தெரிஞ்சிருக்குமே! நான் என்ன பண்ணுவேன்?"

சிவப்பு கொஞ்சம் யோசித்தது. "அந்தம்மா விரல் என் மேல பட்டுத் தட்டினா, நான் ரத்து பண்ணிடுவேன். எனக்கு வேற வேலை தெரியாது. அதனால அது என் மேல படக் கூடாது."

"எப்படிப் படாம இருக்கும்?"

"நான் இங்க இல்லாம இருந்தா படாது."

பச்சைக்குப் புரிந்தபோது அவன் காலை வெளியே வைத்துவிட்டான். திறந்த பக்கத்தைவிட்டு ஒருவர் போகலாம். ஆனால் பக்கம் மூடி, மறுபடி திறக்கத் தயாராகும்வரை உள்ளே வர முடியாது. அதுவரை வெளியே இருட்டில், எந்தப் பக்கமும் இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். திறக்கும்போது தன்னை மறந்துவிட்டுத் திறந்தால் அதோடு சரி.

"அண்ணே, போகாதீங்க! நீங்க திரும்பி வராட்டி?"

"நிறத்தை வெளுக்க விடாம நில்லு," என்றது சிவப்பு. போய்விட்டது.

ஜெபசீலியின் விரல் பச்சையின் மேல் பட்டது.

"பட்டன்."

கீழே நகர்ந்தது. ஒன்றும் இல்லை. மறுபடி நகர்ந்தது. ஒன்றும் இல்லை.

"ஏங்க, ரெண்டுல ஒண்ணக் காணல."

"எது போச்சு?"

ஜெபசீலி சட்டென்று யோசித்தாள். "பதிவு இல்லாம ரத்து மட்டும் தனியா எதுக்கு நிக்கப் போவுது? இருக்கது பதிவாத்தான் இருக்கணும்." விரல் பச்சைக்கே திரும்பி வந்தது. "யேசுவே, கைவிட்டுராதேயும்."

இரண்டு தட்டு.

பச்சை தன் உயிரைக் கொடுத்து அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டாள். வட்டம் மறைந்தது. "உங்கள் இடம் பதிவு செய்யப்பட்டது," என்று ஒரு வரி எழுந்தது. குரல் அதைப் படித்தது.

ஜெபசீலி மூச்சு விட்டாள். அன்றைக்கு அது "அப்பாடா" என்று வரவில்லை. அழுகையாக வந்தது.

"மாயமான சிவப்பு பட்டன்!" என்று சுடுசெய்தி அந்த நேரமே ஓடத் தொடங்கிவிட்டான். "திருட்டில் தொடர்பா?"

பக்கம் மூடி, அடுத்த ஆளுக்காகத் திறப்பதற்குள் பச்சை எல்லையில் போய் நின்று கூப்பிட்டாள். இருட்டிலிருந்து சிவப்பு வந்தது. ஓரமெல்லாம் மங்கியிருந்தது. பச்சை அவனைத் திருப்பி நிறுத்தி, "ரத்து செய்" என்று எழுதினாள். அவசரத்தில் எழுத்து கோணலாக வந்தது. அவன் அவள் முதுகில் எழுதினான். தேதிக் கட்டம் தானாகவே வந்து முதுகைக் காட்டினாள். பெரிய படம் மட்டும், "எல்லாம் அடங்கட்டும், பார்க்கலாம்," என்று சிரித்தது.

பிறகு பச்சை மஞ்சள் பட்டைக்குப் போனாள். அவள் அப்படி யாரிடமும் போய்ச் சண்டை போட்டவள் இல்லை.

"நீ சொன்னது பொய். சீட்டுல திருட்டும் இல்ல, கனமும் இல்ல. குரல் யாரையும் ஒட்டுக்கேட்கறதில்ல, எழுதினதைப் படிக்குது, அவ்வளவுதான். நீ இதைச் சொல்லியே ஆகணும். சொல்லாம நான் இங்கேருந்து நகர மாட்டேன். பதிவு ஒண்ணும் நடக்காது. ஆஸ்பத்திரிக்காரங்க வந்து ஏன்னு கேட்டா உன்னைக் கை காட்டுவேன்."

சுடுசெய்தி முதல் தடவையாக ஓடாமல் நின்றான். "சரி சரி, கத்தாத அக்கா. திருத்தம் போட்டுடறேன். அழகா, பெரிசாவே போடறேன், போதுமா?"

போட்டான். சொன்னபடி அழகாகத்தான் இருந்தது. நீல நிறப் பின்னணி, சுற்றிலும் பூ வேலை, நடுவில் கொட்டை எழுத்தில்: 'முதுகுச் சீட்டு பற்றி நாம் வெளியிட்ட செய்தி தவறு. குரல் எதையும் ஒட்டுக்கேட்பதில்லை. பார்வையற்றோர் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். வருந்துகிறோம்.' பச்சை அதை இரண்டு முறை படித்துவிட்டு, நிம்மதியாகத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

டயாலிசிஸ் முடிந்து ஞானதுரைக்குக் கால் வீக்கம் வடிந்தது. அடுத்த முறைக்கு இடம் பிடிக்க ஜெபசீலி வந்தாள். பக்கம் திறந்துகொண்டிருந்தது.

"ஒங்க அக்கா போன் பண்ணாங்க," என்று அவள் கணவரிடம் சொல்வது பச்சைக்குக் கேட்டது. "போன்ல இருக்க இந்தக் குரலு நாம பேசுதத எல்லாம் கேட்டு யாருக்கோ சொல்லுதாம். செய்தியில வந்துச்சாம். அன்னைக்கு நானும்லா கேட்டேன், அந்த மேளச் சத்தத்துக்கு நடுவுல. ஒடனே அணைச்சுப் போடச் சொல்லுதாங்க."

"அணைச்சிட்டா நீ எப்படிப் பதிவ?"

"அதான் யோசிக்கேன். இன்னைக்கு ஒரு தடவ பதிஞ்சிட்டு, அப்புறம் அணைச்சிருவோம். பெறவு யாரையாவது கெஞ்சிக்கிட வேண்டியதுதான்."

அவள் விரல் பக்கத்தின் உச்சியில் இறங்கியது. நீலப் பின்னணியும் பூ வேலையும் கொட்டை எழுத்துமாக இருந்த அந்தத் திருத்தத்தின் மேல் சரியாக வந்து நின்றது. பச்சை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். படி, படி, சத்தமாகப் படி!

குரல் அதன் முதுகைத் தடவிப் பார்த்தது. எழுத்தெல்லாம் முகத்தில்தான், முதுகில் சீட்டு இல்லை.

"படம்."

"என்ன படமோ," என்றாள் ஜெபசீலி. "ஏதாவது வெளம்பரமா இருக்கும்." அவள் விரல் அதைத் தாண்டிக் கீழே போனது.